சபாபதியைக் கேட்ட அருவிகள்

மாவூற்று மலையின் அருவிகள் தனியாக வருகிறவர்களுக்கு மட்டுமே விழும். இரண்டு பேராகப் போனால் காய்ந்த பாறைதான் இருக்கும். அதனால் போன வருடம் என் கணவர் சபாபதி மட்டும் காரை எடுத்துக்கொண்டு போய் எல்லா அருவிகளையும் பார்த்துவிட்டு வந்தார். இந்த வருடம் நான் போனேன்.

அவர் திரும்பி வந்த அன்று எப்படி இருந்தது என்று கேட்டிருந்தேன். "தண்ணி விழுந்துச்சு" என்றார். விருதுநகரில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். கடையிலும் வீட்டிலும் அவர் பேசுவது அவ்வளவுதான். கல்யாணமானதிலிருந்து நான் அதற்குப் பழகியிருந்தேன்.

முதலில் முறத்தருவிக்குப் போனேன். சாலையோரம் காரை நிறுத்திவிட்டு, அட்டை ஏறாமலிருக்கக் காலில் மூக்குப்பொடியும் எண்ணெயும் தடவிக்கொண்டு, தேயிலைக்கு நடுவே ஏறும் பாதையில் நடந்தேன். எதிரே போய் நின்றதும் அருவி விழத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் பாதியில் நின்றது.

"சபாபதி வரலையா?" என்று கேட்டது அருவி.

"ரெண்டு பேரா வரக் கூடாதே" என்றேன்.

"அதுவும் சரிதான். நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"சம்சாரம்."

"நல்லாப் பாடுவாரு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் விழுந்தது. ஆனால் முன்னைப் போல இல்லை, ஒப்புக்கு விழுந்தது.

அவர் பாடுவார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அம்மை போட்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் வீசிக்கொண்டிருந்தார். பாடவில்லை.

அடுத்து கழுகுமுனை. அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் என்பார்கள். நான் போனபோது மேகம் அடைத்துக்கொண்டிருந்தது. கம்பி வேலியோரம் வனத்துறை வாட்சர் மாசிலாமணி நின்றார். தான் வேலைக்கு இருப்பவர் என்பதால் ஆள் கணக்கில் வரமாட்டார் என்றும், நான் தனியாக வந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

"போன வருசம் விருதுநகர்க்காரர் ஒருத்தர் வந்தாரும்மா. மேகம் தானா ஒதுங்கிக்கிச்சு. அந்தக் கோடியில கடல் தெரிஞ்சுது. அவரு சிரிச்ச சிரிப்பு இருக்கே."

நான் காத்திருந்தேன். மேகம் ஒரு ஜன்னல் அளவுக்கு விலகியது. அதில் ஒரு செல்போன் கோபுரம் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

மேலருவிக்கு ஏறுவது கஷ்டம். வேர்களைப் பிடித்துக்கொண்டும் சில இடங்களில் தவழ்ந்தும் போக வேண்டும். அவர் கால் வைத்த இடத்தில்தானே நானும் கால் வைக்கிறேன் என்று நினைத்தபோது முழங்கால் இன்னும் வலித்தது. மேலே, மேலருவி என்னைக் கண்டதும் விழுந்தது. அதன் அழகைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

"சபாபதி சொல்லி அனுப்பினாரா?" என்று கேட்டது.

"இல்லை. அவர் இங்க வந்து என்ன பேசினாரு?"

"எல்லாந்தான். சின்ன வயசுல கிணத்துல விழுந்தது, கடையில மனசு ஒட்டாதது. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்" என்றேன்.

"மறுபடி எப்ப வருவாரு?"

"வர மாட்டாரு."

"ஏன்?"

"போய்ச் சேந்துட்டாரு" என்றேன்.

அருவி நின்றது. வழியில் இருந்த தண்ணீர் மட்டும் கீழே வந்து சேர்ந்தது. அதன் பிறகு பாறை வெறும் பாறையாக இருந்தது. எனக்குச் சற்று நிம்மதியாக இருந்தது.

இறங்கி வரும் வழியில் முறத்தருவியும் நின்றிருந்தது. தோளில் துண்டுடன் தனித்தனியாக வந்திருந்தவர்களை மாசிலாமணி திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். "துக்கம். எப்ப விழும்னு சொல்ல முடியாது" என்றார். அவர்களும் சரி என்று வண்டியைத் திருப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது சபாபதி ஒரு மிக்ஸியைப் பிரித்து வைத்திருந்தார்.

"தண்ணி விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. நீங்க செத்துட்டதா சொல்லிட்டேன்."

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "யாருகிட்ட?"

"மேலருவிகிட்ட."

"அப்ப வருவாங்க" என்றார்.

குளித்துவிட்டுப் புது வேட்டி கட்டிக்கொண்டார். கூடத்தில் பாயை விரித்து, தெற்கே தலை வைத்துப் படுத்துக் கண்ணை மூடினார். சொன்னவள் நான் என்பதால் தலைமாட்டில் விளக்கை நான்தான் ஏற்றி வைத்தேன்.

காலையில் அருவிகள் பைபாஸ் வழியாக வந்து சேர்ந்தன. தெருக்காரர்கள் ஸ்கூட்டர்களை உள்ளே எடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மேலருவி நிலைப்படியில் குனிந்து உள்ளே வந்தது. மற்றவை பின்னால் வந்தன. எல்லாமே காய்ந்திருந்தன. சுவரோரம் வரிசையாக நின்று, அவரைப் பார்த்தன, பிறகு என்னைப் பார்த்தன. வீட்டில் இரண்டு பேர் இருந்தோம்.

"தமயந்தி," என்றார் சபாபதி, கண்ணைத் திறக்காமல். "நீ கொஞ்சம் வெளிய இரு."

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாம். அதற்கு நடுவே அவர் பாடத் தொடங்கினார். வார்த்தைகள் பிடிபடவில்லை. குரல் நன்றாக இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. கதவுக்கு அடியில் வழிந்த தண்ணீர் படியிறங்கித் தெருவுக்குப் போனது. பாட்டு முடியும் என்று காத்திருந்தேன். முடிந்ததும் இன்னொன்றைத் தொடங்கினார்.

தெருவில் என்னைத் தவிர யாருமில்லை. எதிரே கல்யாண மண்டபத்தின் மதில் சுவர் இருந்தது. சுண்ணாம்பு உதிர்ந்த, தேர்தல் விளம்பரம் எழுதிய சுவர்.

"தனியாவா வந்தீங்க?" என்று அது கேட்டது.

"ஆமா" என்றேன்.

"அப்பச் செருப்பக் கழட்டி ஓரமா வச்சுட்டு வாங்க."

கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவருக்கு எதிரே போய் நின்றேன். தண்ணீர் விழத் தொடங்கியது.