வீட்டைக் குறை சொல்லும் ஞாயிறு

எங்கள் சந்தில் வீட்டு வேலை முடிந்துவிட்டது என்று சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை. பழைய நகரத்தின் பாப் சுவைக்கா வாசலிலிருந்து உள்ளே நுழைந்து, ரொட்டி அடுப்பைத் தாண்டித் திரும்பினால் வரும் சந்து அது. நடுமுற்றமும் கிணறுமாக இருக்கும் பழைய வீடுகள். வாங்கும்போது எல்லாருக்கும் ஒரு கிறுக்கு பிடித்திருந்தது, வாங்கிய பிறகு தெளிந்துவிட்டது. லாரி உள்ளே வராது. இடிபாட்டைக் கைவண்டியில்தான் தள்ள வேண்டும். கொத்தனார் இன்றைக்கு வந்தால் நாளைக்கு அவர் மச்சினனுக்குக் கல்யாணம். அந்த மச்சினன் இதுவரை எத்தனை கல்யாணம் பண்ணிக்கொண்டான் என்பது அவனுக்கே தெரியாது.

ஆரம்பத்தில் ஃபோனில் ஒரு குழு வைத்து அவரவர் வீட்டு வேலையைப் படமெடுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டு தலென்தா அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"படத்துல எல்லாச் சுவரும் நேராத்தான் தெரியும். கதவைத் திறந்து வைங்க, நேர்ல வந்து பார்க்கிறோம்" என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் மழை நின்றதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்து முழுக்கக் கதவுகள் திறந்திருக்கும். வீடு வீடாகப் போய் பேரீச்சம்பழம் வைத்த மக்ரூத் பலகாரம் தின்று, டீ குடித்து, போன வருடத்துக்கு இந்த வருடம் எது நிமிர்ந்தது, எது விழுந்தது என்று பார்ப்போம்.

இதற்கு ஒரு முறை உண்டு. அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் 'அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்' என்று சொல்லிவிட்டு வாயாரப் புகழ வேண்டும். தன் வீட்டுக்கு யாராவது வந்தால் வாயாரப் பழிக்க வேண்டும். கண் பட்டுவிடுமோ என்ற பயம்தான். போன வருடம் தலென்தா அக்கா முற்றம் முழுக்கப் பளிங்கு போட்டுவிட்டு, "இதெல்லாம் ஒரு தரையா? கோழி நடந்தாக்கூட வழுக்கி இடுப்பை ஒடைச்சுக்கும்" என்றாள். முகத்தில் பெருமை தாங்கவில்லை. நான் பெண்களுக்கான முடியலங்காரக் கடை வைத்திருப்பவள். இடுப்பு வரை கூந்தலை வைத்துக்கொண்டு "தொடப்பம் மாதிரி இருக்குல்ல?" என்று கேட்கும் கல்யாணப் பெண்களைத் தினம் பார்க்கிறேன். எங்கள் ஊரில் ஒருத்தி தன்னுடையதைக் குப்பை என்று சொன்னால் அதைத் திரும்பி ஒரு முறை நன்றாகப் பார்க்க வேண்டும். இவ்வளவு தெரிந்த நான்தான் இந்த வருட ஞாயிறன்று அறிவு கெட்டுப் போனேன்.

எங்கள் வீட்டைப் பழிப்பதில் என் கணவன் ரிதாவை மிஞ்ச ஆள் கிடையாது. போன வருட ஞாயிறு கூட்டத்தில் மாடி அறையைக் காட்டி, "இதுல ஒரு பேயைக் குடி வச்சேன். ரெண்டாம் நாளே முன்பணத்தைத் திருப்பிக் கேட்டுச்சு" என்றான். சந்தே சிரித்தது. அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் பக்கத்து பிரேக்கை மிதித்து, உயிரோடு வீடு வந்து சேர்வதே அவனுக்குப் பெரிய காரியம். வந்து சேர்கிற வீட்டில் தூசி. சோற்றில் தூசி, செருப்பில் தூசி, தலையணையில் தூசி. ஒரு குளிர்காலம் முழுக்கப் பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே தூங்கினோம். அப்போதுகூட அவன் முகம் சுளிக்கவில்லை.

இந்தக் குளிர்காலம்தான் அவனை உடைத்தது. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தான். சமையலறைக் கூரையிலிருந்து ஒரு பெரிய பூச்சுக் கட்டி பெயர்ந்து சரியாக அவனுடைய கொண்டைக்கடலைச் சூப்புக்குள் விழுந்தது. சட்டை, மூக்கு, மீசை எல்லாம் சூப். நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

"போதும் கமர்" என்றான். "ஊருக்கு வெளியில அரியானா பக்கம் லிஃப்ட் வச்ச வீடு ஒண்ணு பார்த்துட்டுப் போயிடலாம். மேல இருந்து எதுவும் விழாத வீடு."

நான் அழவில்லை, கத்தினேன். அந்த வீட்டு மண்ணை என் நகக்கண்ணிலிருந்து இன்னும் முழுசாக எடுக்க முடியவில்லை, அதை விற்பதா? இரண்டு வாரம் கத்தினேன். அவன் திரும்பக் கத்தியிருந்தால் பரவாயில்லை. சும்மா களைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். லமீன் என்று ஒருவர் பழைய வீடுகளை வாங்கி, விருந்தினர் விடுதியாக்கி, வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறவர். அவர் வாங்குகிற வீட்டின் முற்றத்தில் கிணறு போய் நீச்சல் குளம் வந்துவிடும்.

"அவர் வந்து பார்க்கட்டும்" என்றான் ரிதா. "அவருக்குப் பிடிச்சுதுன்னா வித்துடுவோம். பிடிக்கலேன்னா இனிமே இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். சத்தியம்."

"சரி" என்று கையில் அடித்துக் கொடுத்தேன். இந்த வீட்டை ஒருவருக்குப் பிடிக்காமல் செய்வது ஒரு வேலையா என்று நினைத்தேன். கதவு திறந்திருக்கும் ஞாயிறுக்கே வரச் சொன்னோம்.

லமீன் சாம்பல் நிறக் கோட்டும் கையில் தஸ்பீஹ் மணிமாலையுமாக வந்தார். முற்றத்தில் அண்டை வீட்டார் எல்லாரும் டீயோடு நின்றிருந்தார்கள். ரிதா ஓடிப்போய்க் கை குலுக்கினான்.

"வாங்கண்ணே. சுவரைப் பாருங்க, கோட்டை மாதிரி. பைப்பெல்லாம் புதுசு, ஒரு சொட்டு ஒழுகாது. காத்து பாருங்க, ஏசியே வேணாம்."

எனக்கு அது உறைத்தது. பொய் சொல்கிறான் என்பதற்காக இல்லை, அவன் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மைதான். நாங்கள் அடுத்தவர் வீட்டைத்தான் இப்படிப் புகழ்வோம். என் புருஷன் எங்கள் முற்றத்தில் நின்றுகொண்டு அடுத்தவர் வீட்டைப் பேசுவதுபோலப் பேசினான்.

லமீன் கண்ணைச் சுருக்கினார். சுவரைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். இதுதான் சமயம் என்று நான் முன்னே போனேன்.

"அவன் சொல்றதை நம்பாதீங்கண்ணே. மழை வந்தா சுவரு அழும். உத்திரமெல்லாம் புழு தின்னுடுச்சு."

லமீன் நிமிர்ந்து உத்திரங்களைப் பார்த்தார். பொய்க்கூரையைப் பெயர்த்து நாங்கள் கண்டெடுத்த பூவேலை மரக்கூரை அது. அவர் உதடு அசைந்தது. "மாஷா அல்லாஹ்" என்றார் மெதுவாக.

"இந்த மாடத்து ஓடெல்லாம் பழசு, பாதி உடைஞ்சது."

குனிந்து பச்சையும் மஞ்சளுமான அந்த ஓடுகளைக் குழந்தையின் கன்னத்தைத் தடவுவதுபோலத் தடவினார். 

"கிணத்துத் தண்ணி வாயில வைக்க முடியாது."

ஒரு கிளாஸ் கேட்டு வாங்கிக் குடித்தார். "தேன் தங்கச்சி, தேன்" என்றார். நான் இன்னும் வேகமாகப் பழித்தேன். படி செங்குத்து, மொட்டைமாடியில் புறா எச்சம், வாசல் வழியாகப் பிசாசு போகும் என்றெல்லாம் அடுக்கினேன். அவர் முகம் ரொட்டி மாவு மாதிரி உப்பிக்கொண்டே போனது. தஸ்பீஹைப் பைக்குள் போட்டுவிட்டு ரிதாவைப் பார்த்து, "தம்பி, நாம கொஞ்சம் பேசணும்" என்றார்.

தலென்தா அக்கா என் முழங்கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"ஏண்டி, உனக்கு மூளை இருக்கா? நீ திட்டத் திட்ட அந்தாளு வாங்கிடுவாரு. அவரும் இந்த ஊர்லதானே பொறந்தாரு? வீட்டுக்காரி இந்தப் பழி பழிக்கிறான்னா உள்ள என்னமோ இருக்குன்னு நினைக்க மாட்டாரா?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அப்ப என்னக்கா பண்றது?"

"உன் புருஷனைப் பாரு. அவன் புகழ்றப்ப அந்தாளு பாம்பைப் பார்த்த மாதிரி சுவரைப் பார்த்தாரு. நீயும் புகழு."

"சொந்த வீட்டையா? இத்தனை பேரு முன்னாடியா? கண்ணு பட்டுடாதா?"

"பட்டா வீட்டுல பாதி இடியும். படலேன்னா முழுசாப் போயிடும். எது வசதி?"

முற்றத்துக்கு வந்தேன். பிறந்ததிலிருந்து செய்யாத காரியம். நடுச்சந்தையில் முக்காட்டை அவிழ்க்கச் சொன்னதுபோல இருந்தது.

"லமீன் அண்ணே" என்றேன். "நான் சொன்னது எல்லாம் பொய். இது... இது நல்ல வீடு."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் குடிப்பதை நிறுத்தினார்கள். யாரோ அவசர அவசரமாக 'பரக்கத், பரக்கத்' என்று முணுமுணுத்தார்கள். தலென்தா அக்கா கண் படாமலிருக்க முதுகுக்குப் பின்னால் ஐந்து விரலையும் விரித்து வைத்துக்கொண்டாள்.

"இந்தச் சுவரைப் பாருங்க. மேல சிமெண்ட் அப்பி வச்சிருந்தாங்க, மூச்சு விட முடியாம கிடந்துச்சு. ஒரு குளிர்காலம் முழுக்க நானும் ரிதாவும் கையால கொத்தி எடுத்தோம். இப்ப சுண்ணாம்பு. காலையில கை வச்சுப் பார்த்தா குளுகுளுன்னு இருக்கும்."

லமீன் ஒரு அடி பின்னால் போனார். நல்லது என்று நினைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு முறை வழி திறந்துவிட்டால் என் வாயை யாரால் மூட முடியும்?

"மூணாவது படி இருக்கே, அதை ரிதா போட்டான். முதல்ல போட்டது உடைஞ்சது, ரெண்டாவதும் உடைஞ்சது. மறுபடி போட்டுட்டு அதுமேல ஏறி நின்னு என்னைத் தூக்கினான், தாங்குதான்னு பார்க்க. சமையலறை அலமாரியும் அவன் வச்சதுதான். சாய்வா இருக்கும். ஆரஞ்சு வச்சா எல்லாம் உருண்டு ஜன்னல் பக்கம் போயிடும். எனக்கு அது அப்படித்தான் இருக்கணும். சாயங்கால வெயில் அந்த ஆரஞ்சுமேல விழும்போது நான் கடையை மூடிட்டு ஓடி வருவேன், பார்க்கிறதுக்கு. வேலை முடியாட்டி என்னண்ணே? முடிஞ்ச வீட்டை வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் என்னத்தைப் பேசிக்குவோம்? இந்த ஊர்லயே இதைவிட நல்ல வீடு கிடையாது."

லமீனை விரட்டத்தான் பேச ஆரம்பித்தேன். பாதியிலேயே அவரை மறந்துபோனேன். ரிதாவின் பக்கம் திரும்பவும் எனக்குத் தைரியம் இல்லை.

லமீன் குழம்பிப்போய் நின்றார். முதலில் புருஷன் புகழ்ந்தான், பெண்டாட்டி பழித்தாள். இப்போது அவளும் புகழ்கிறாள். இத்தனை வருட அனுபவத்தில் இப்படி ஒரு வீட்டை அவர் பார்த்திருக்க மாட்டார்.

"தம்பி" என்றார் ரிதாவிடம். "நீ ஆம்பளை, கார் ஓட்டச் சொல்லித் தர்றவன், நிதானமானவன். அல்லாஹ்வுக்குப் பொதுவாச் சொல்லு. வீடு எப்படி?"

ரிதா படியைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். மீசையைத் தடவிக்கொண்டான். அன்றைய சூப் இன்னும் அங்கே இருக்கிறதா என்று தேடுபவன்போல.

"வீடா?" என்றான். "எங்கண்ணே இருக்கு வீடு? இது கழுதைக் கொட்டில். கழுதைக்கும் ரோஷம் இருந்தா உள்ள வராது. அந்தப் படி இருக்கே, அது எனக்கும் என் மாமியாருக்கும் நடுவுல இருக்கிற உறவு மாதிரி. எப்ப போகும்னு சொல்ல முடியாது. சமையலறையில சோறு தின்னணும்னா ஹெல்மெட் போட்டுக்கணும். அலமாரியைப் பத்தி இவ சொன்னாளே, அதுல சட்டி பானை வச்சா அது பாட்டுக்கு நடந்து போகுது. நானும் ஆறு வருஷமா ஓட்டக் கத்துக் கொடுக்கிறேன், அந்தச் சட்டி மாதிரி ஒரு மாணவன் எனக்கு வாய்க்கலை."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். தலென்தா அக்கா விரித்த விரல்களால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரிதா நிறுத்தவில்லை. கிணற்றை, கதவை, மொட்டைமாடிப் புறாவை, எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்களை, ஒருவரையும் விடவில்லை. நான் மக்ரூத் தட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன், இரண்டும் ஒன்றாக.

லமீன் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பைக்குள்ளிருந்து தஸ்பீஹை வெளியே எடுத்தார்.

"புரிஞ்சுது தம்பி" என்றார். "சாமானை விக்கிறவன் வாயில வர்ற பேச்சு இல்ல இது. விக்காத வீட்டைக் காட்டி எதுக்குய்யா ஒரு மனுஷனை ஞாயித்துக்கிழமை அலைய விடுறீங்க?" என்னைப் பார்த்து, "தங்கச்சி, இன்னொரு டீ குடு. கிணத்துத் தண்ணியிலயே போடு" என்றார்.

"உங்களுக்குத்தான் வீடு பிடிச்சிருச்சே?" என்று கேட்டேன். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். சத்தியத்தை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை.

"எனக்கா?" லமீன் ரிதாவை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "கழுதைக் கொட்டிலை எவன் வாங்குவான்?"

அவர் போன பிறகு சந்துக்காரர்களும் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள். ரிதா சமையலறை வாசலில் நின்று கூரையில் இருந்த ஓட்டையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்குக் கொத்தனாருக்கு ஃபோன் போடு" என்றான். "இல்ல, வேணாம். அவன் மச்சினனுக்குக் கல்யாணமா இருக்கும். நானே ஏறிப் பூசிடுறேன்."

"நீ விழுந்து கிழுந்து செத்துக்கித்துத் தொலைச்சேன்னா?"

"லமீனைக் கூப்பிட்டு வித்துடு" என்றான் ரிதா. "ஆனா ஒண்ணு, வீட்டைப் புகழ மட்டும் வாயைத் திறக்காதே. திறந்தா ஒரு பய வாங்க மாட்டான்."