பத்து நாள் படுக்கை

மருமகளாக இருந்து எல்லா இடியும் வாங்கி, ஒருவழியாக மாமியார் ஆகும் நாள் வந்தபோது, இனிமேல் மாமியார் என்ற பதவியே கிடையாது என்று சட்டம் போட்டால் ஒருத்திக்கு எப்படி இருக்கும்? சிஸ்டர் விக்டோரியாவுக்கு அப்படித்தான் இருந்தது.

மைசூரில் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் அவள் சேர்ந்த காலத்தில் வெள்ளைக்கார மேட்ரன் ஒருத்தி இருந்தாள். மேட்ரன் வந்தால் சின்ன நர்ஸுகள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். தலையணை உறையின் வாய் வாசல் பக்கம் பார்க்கக் கூடாது. கட்டில் சக்கரங்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருக்க வேண்டும். எதற்காக என்று விக்டோரியா ஒரே ஒரு தடவை கேட்டாள். கேட்ட வாய்க்கு அன்று முழுக்க வராந்தாவை மண்டியிட்டுத் தேய்த்தாள். அதோடு அந்தக் கேள்வியை விட்டுவிட்டாள்.

அந்தச் சட்டங்களில் தலையாயது பத்து நாள் படுக்கை. பிள்ளை பெற்றவள் பத்து நாளைக்குத் தரையில் கால் வைக்கக் கூடாது. சாப்பாடு, மூத்திரம், மலம், உடம்பு துடைப்பது எல்லாம் கட்டிலிலேயே. பெட்பேன் தூக்கித் தூக்கி விக்டோரியாவின் இடுப்பு போயிற்று. ஆனாலும் தன் வார்டில் ஒருத்திகூடப் பத்து நாளைக்குள் தரையை மிதித்ததில்லை என்பதில் அவளுக்கு ஒரு கர்வம். இடுப்பைக் கொடுத்து வாங்கிய கர்வம், அதை யாரும் லேசில் விட்டுக்கொடுப்பார்களா?

சுதந்திரம் வந்தது. மேட்ரன் கப்பல் ஏறினாள். வார்டு விக்டோரியாவின் கைக்கு வந்தது. அப்பாடா என்று மூச்சுவிடப் போனால், பின்னாலேயே மோலி வந்து நின்றாள்.

மோலி சென்னையில் நர்ஸ் படிப்பு முடித்து வந்த பெண். அவள் அம்மாவும் விக்டோரியாவும் மாதா கோயிலில் ஒரே வரிசையில் உட்காருகிறவர்கள். நர்ஸ் வேலைக்கு அனுப்பினால் பெண்ணுக்கு நாளைக்கு எவன் வருவான் என்று அந்த அம்மாள் அழுதபோது, நானெல்லாம் கெட்டா போய்விட்டேன், தைரியமாக அனுப்பு என்று சொன்னவளே விக்டோரியாதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

மோலி வேலையில் சுத்தம். அதைக் குறை சொல்ல முடியாது என்பதே விக்டோரியாவுக்குப் பெரிய எரிச்சல். ஆனால் அந்தப் பெண் நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து பேசுவாள். சிஸ்டர் வந்தாலும் எழுந்திருக்க மாட்டாள், சிரித்துக்கொண்டே வணக்கம் சொல்வாள். உறையின் வாயை ஏன் அந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கேட்பாள். விக்டோரியாவிடம் அதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாத கேள்வியைக் கேட்கிறவளைப் பார்த்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

இந்த லட்சணத்தில் டாக்டர் கௌரம்மாவும் வந்து சேர்ந்தார். சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர், அதிர்ந்து பேசாதவர். வந்த மாதமே ஓர் உத்தரவு போட்டார். பிள்ளை பெற்றவர்கள் மறுநாளே எழுந்து நாலு அடி நடக்க வேண்டும். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டுகிறது, அது ஆளையே கொண்டுபோய்விடும் என்று கன்னடத்தில் பொறுமையாக விளக்கினார். விக்டோரியா தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு வார்டுக்கு வந்து, யாரும் காலைக் கீழே வைக்கக் கூடாது என்று பழையபடியே சொன்னாள்.

அன்றிலிருந்து வார்டில் இரண்டு அரசாங்கம். மோலியின் டியூட்டியில் பெண்கள் நடந்தார்கள். விக்டோரியாவின் டியூட்டியில் படுத்தார்கள். யாரையும் பகைத்துக்கொள்ளாமல் பிள்ளையோடு ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைக்கிற பெண்கள், பாவம், இரண்டு பேரிடமும் ஆகட்டும் என்றார்கள். இது விக்டோரியாவுக்கு மட்டும் தெரியாது. வீட்டுக்காரனுக்குக் கடைசியில்தானே தெரியும்.

தெரிந்த நாள் ஒரு திங்கட்கிழமை. சலவைக்குப் போன துணி வந்ததா என்று பார்க்கப் போனவள், துணி வரவில்லை என்று உடனே திரும்பிவிட்டாள். வார்டு வாசலில் வந்து பார்த்தால் கட்டில்கள் காலி. வராந்தாவில் பெண்கள் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். நடுவில் மோலி. சிரிப்பு வேறு.

முதலில் விக்டோரியாவைப் பார்த்தவள் சவரியம்மா. மார்டள்ளி கிராமத்திலிருந்து வந்தவள். முன்னே இரண்டு பிள்ளைகளைப் பிறந்த சூட்டிலேயே பறிகொடுத்து, இப்போது மூன்றாவதாக ஓர் ஆண்பிள்ளையை உயிரோடு பெற்றவள். சிஸ்டரைக் கண்டதும் குலை நடுங்கித் தன் கட்டிலைப் பார்த்து ஓடினாள். அப்போதுதான் பினாயில் போட்டுத் துடைத்த தரை. கால் வழுக்கி, கட்டில் காலில் முழங்கால் மோத, பொத்தென்று விழுந்தாள்.

விக்டோரியாதான் முதலில் போய்த் தூக்கினாள். தூக்கும்போதே வாய் திட்டிக்கொண்டிருந்தது. முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது, வேறொன்றும் இல்லை. டாக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டு, டாக்டர் வருவதற்குள் விக்டோரியா ஒரு காரியம் செய்தாள். அதுதான் வினை.

ஒவ்வொரு கட்டிலாகப் போனாள். ஒவ்வொருத்தியையும் தொட்டிலில் கிடந்த பிள்ளையின் தலையில் கை வைக்கச் சொன்னாள். பத்து நாள் முடிகிறவரை காலைக் கீழே வைக்க மாட்டேன் என்று பிள்ளை மேல் சத்தியம் செய்யச் சொன்னாள். சத்தியம் செய்யாதே என்று வேதபாடத்தில் படித்தவள்தான். கோபம் வந்தால் வேதம் எங்கே நிற்கிறது? பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் சத்தியம் செய்தார்கள். சவரியம்மா அழுதுகொண்டே செய்தாள்.

மோலி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசிக் கட்டில் முடிந்ததும், மருந்து அறைக்கு வரும்படி விக்டோரியாவைக் கேட்டுக்கொண்டாள். அங்கே போய்க் கதவைச் சாத்தினாள்.

"சிஸ்டர், பிள்ளை மேல சத்தியம் வாங்கறதெல்லாம் நர்ஸ் வேலையா?"

"நீ எனக்கு நர்ஸ் வேலை சொல்லித்தர வேண்டாம். உன் அம்மா அழுதப்போ நான்தான் உன்னை அனுப்பச் சொன்னேன். அந்த நன்றிகூட வேண்டாம், எனக்குப் பின்னால இப்படி ஒரு நாடகம் நடத்தாம இருந்திருக்கலாம்."

"முன்னாலயே சொன்னேனே சிஸ்டர். எத்தனை தரம் சொன்னேன். நீங்க காதுல வாங்கல. டாக்டரம்மா சொன்னதையும் வாங்கல. சும்மா படுக்கப் போட்டு வச்சா என்ன வரும்னு உங்களுக்கும் தெரியும்."

விக்டோரியா ஸ்டூலில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை, சொல்லக் கூடாதவளிடம் சொன்னாள்.

"எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்றேன், கேளு. இவளுங்களுக்கு ஆயுசுலயே இந்தப் பத்து நாள்தான் படுக்கை. மருமக நடக்கறான்னு தெரிஞ்சா மறுநாளே மாமியார்க்காரி கூட்டிட்டுப் போய் உரல் முன்னால நிறுத்துவா. தண்ணிக்கு அனுப்புவா. எந்திரிக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரி சொல்லுதுன்னா ஒருத்தியும் வாயைத் திறக்க மாட்டா. வெள்ளைக்காரி எதுக்குச் சட்டம் போட்டாளோ, நான் இதுக்குத்தான் காப்பாத்தினேன்."

மோலி இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். அதைப் பார்த்து விக்டோரியாவுக்கு ஒரு நம்பிக்கைகூட வந்தது.

"அப்ப பத்து நாள் இங்கேயே வச்சுக்கலாம் சிஸ்டர், வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். ஆனா நடக்கட்டும். இதை நீங்க டாக்டரம்மாகிட்ட முதல்லயே சொல்லியிருந்தா சரின்னிருப்பாங்களே."

இத்தனை எளிதாக அவள் முடிச்சை அவிழ்த்ததுதான் விக்டோரியாவுக்குப் பொறுக்கவில்லை. இருபது வருஷமாக ஒருத்தி மனசில் வைத்துப் புழுங்கியதை இந்தப் பெண் பல்லி வாலை ஒதுக்குவதுபோல ஒதுக்கிவிட்டாள். எங்கள் காலத்தில் போய்ச் சொல்ல வாய் இருந்ததா என்று கத்த நினைத்தாள். அது உங்கள் காலம், அதற்கு நான் என்ன செய்ய என்று பதில் வரும். அதுவும் நியாயமாகத்தான் இருக்கும். கேட்காமலே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

டாக்டர் கௌரம்மா வந்து முழங்காலைப் பார்த்தார், தையல்களைப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை என்றார். எப்படி விழுந்தாய் என்று சவரியம்மாவைக் கேட்டார். சவரியம்மா ஒரு கண்ணால் சிஸ்டரைப் பார்த்துவிட்டு, சின்ன நர்ஸம்மா நடக்கச் சொன்னாங்க, நடந்தேன், தலை சுற்றிவிட்டது என்றாள்.

டாக்டர் மோலியின் பக்கம் திரும்பினார். மோலி இன்னும் வேலை நிரந்தரமாகாதவள். தனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். விக்டோரியாவை மட்டும் பார்த்தாள்.

விக்டோரியா சும்மா இருந்திருந்தால் அன்றோடு அவள் பக்கம் ஜெயம். ஆனால் தன் வார்டில் பொய் நடமாடுவது அவளுக்கு ஆகாது. தவிர, அந்தப் பெண்ணின் பார்வையை முதுகில் சுமந்துகொண்டு எப்படி நாளைக்கு வேலைக்கு வருவது? தலை சுற்றவில்லை டாக்டர், நன்றாகத்தான் நடந்தாள், என்னைக் கண்டு ஓடினாள், விழுந்தாள் என்று கடுகடுவென்று சொன்னாள்.

டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு உட்கார வைத்தார். அடுத்த வாரம் புதுக் கட்டடத்தில் பெரிய பிரசவ வார்டு திறக்கப்போகிறது. அதன் பொறுப்பு தனக்குத்தான் வரும் என்று விக்டோரியா இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள். தம்பி மதலைமுத்துவிடம் சொல்லியாயிற்று, அவன் பாதி ஊருக்குச் சொல்லியாயிற்று. மேட்ரன் நாற்காலிக்கு அதுதான் முதல் படி. அந்த வார்டை உங்களிடம் கொடுக்கத்தான் எனக்கும் ஆசை, உங்களைப் போல வார்டைக் கட்டிக்காக்க ஆள் கிடையாது என்றார் டாக்டர். ஆனால் நாளைக் காலை நான் ரவுண்டு வரும்போது நீங்கள் இந்தப் பெண்களை எழுப்பி நடத்திக்காட்ட வேண்டும். உங்கள் கையால், என் கண் முன்னால். அதைப் பார்த்துவிட்டால், ஆயித்து, அவ்வளவுதான், வார்டு உங்களுடையது.

விக்டோரியா அன்று சாயங்காலம் வீட்டில் குழம்புக்கு உப்பு போட மறந்தாள். எழுப்பினால் இத்தனை வருஷம் செய்தது தப்பு என்று தன் வாயாலேயே சொன்ன மாதிரி. எழுப்பாவிட்டால் வார்டு மோலிக்குப் போகும், அவளுக்குக் கீழே வேலை செய்ய வேண்டியதுதான். அந்த இரண்டாவதை நினைத்ததும் முதலாவது அவ்வளவு கசக்கவில்லை. ஊரோடு ஒத்து வாழ் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டாள். பத்து நாளும் இங்கேயே தங்கட்டும் என்று டாக்டரிடம் தானே கேட்டுக்கொள்ளலாம் என்றும் தீர்மானித்தாள். மோலி சொன்னதுதான். இருந்தால் என்ன, கேட்கப்போவது தான்தானே.

காலையில் வார்டு கண்ணாடியாக இருந்தது. பெண்கள் கழுத்துவரை போர்த்திக்கொண்டு வரிசையாகப் படுத்திருந்தார்கள். டாக்டர் வந்தார், பின்னால் மோலி வந்தாள். விக்டோரியா சவரியம்மாவின் கட்டிலருகே போய், தன்னால் முடிந்த மட்டும் கனிவாகக் கையை நீட்டினாள். "எந்திரிம்மா. நாலு அடி நடக்கலாம்."

சவரியம்மா அசையவில்லை. சிஸ்டர் தன்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தாள்போல. "எந்திரிக்க மாட்டேனுங்க சிஸ்டர். நேத்திலிருந்து காலைக் கீழ வைக்கலீங்க."

பரவாயில்லை, இப்போது வைக்கலாம் என்றாள் விக்டோரியா. சவரியம்மா போர்வையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள். விக்டோரியா அடுத்த கட்டிலுக்குப் போனாள், அதற்கடுத்த கட்டிலுக்குப் போனாள். எங்கும் அதே தலையாட்டல். அவளுக்குக் குரல் ஏறியது. எழுந்திருங்கள் என்று அதட்டினாள். இத்தனை வருஷமாக அந்த அதட்டலுக்கு ஓர் அர்த்தம்தான் இருந்தது, படு என்பது. அதட்ட அதட்டப் பெண்கள் படுக்கையோடு படுக்கையாக ஒட்டிக்கொண்டார்கள்.

டாக்டர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். மோலி வந்து சவரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டாள். நேற்று அவளோடு சிரித்துச் சிரித்து நடந்தவள், இன்று அவள் கையையும் விலக்கினாள்.

"முடியாதுங்க நர்ஸம்மா. பிள்ளை மேல சத்தியம் பண்ணிட்டேனுங்க."

யார் கேட்ட சத்தியம் என்று டாக்டர் கேட்கவில்லை. வார்டில் எல்லாக் கண்ணும் ஒரே இடத்தைப் பார்த்ததில் அவருக்குப் புரிந்துவிட்டது. விக்டோரியா குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், ஏறக்குறையக் கெஞ்சினாள். "அந்தச் சத்தியத்தை விட்டுட்டேன்மா. நான்தானே வாங்கினேன், நானே திருப்பிக் கொடுத்துட்டேன். எந்திரி."

சவரியம்மா தொட்டிலில் கிடந்த தன் மூன்றாவது பிள்ளையைப் பார்த்தாள்.

"அது உங்ககிட்ட இல்லீங்களே சிஸ்டர். இவன் தலை மேலதானுங்க இருக்குது."

டாக்டர் கௌரம்மா வாசல்வரை நடந்து போய், இந்தச் சத்தியம் செய்யாதவர்கள், புதிதாகப் பிள்ளை பெறுகிறவர்கள் மட்டும் புது வார்டுக்கு வரட்டும், மோலி அந்த வார்டைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கன்னடத்தில் மெல்லச் சொன்னார். இவர்களுக்குப் பத்து நாள் முடிகிறவரை சிஸ்டர் விக்டோரியா இங்கேயே இருக்கட்டும் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட விக்டோரியாவுக்குத் திருப்பிக் கோபப்பட ஓர் இடம் கிடைத்திருக்கும்.

அவர்கள் போனார்கள். வார்டு அமைதியாக இருந்தது. ஒருத்தியும் அசையவில்லை, ஒரு கால்கூடத் தரையில் இல்லை. எந்த மேட்ரனும் இப்படி ஒரு வார்டைக் கண்டிருக்க மாட்டாள். சவரியம்மாதான் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டாள். பெட்பேன் வேண்டுமாம். விக்டோரியா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எடுத்துவரப் போனாள்.