தப்பித்துக்கொண்டே இருந்த கொலைகாரன்

சனிக்கிழமை சாயங்காலம் மச்சான் கொலைகாரனைப் பிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் அவன் மறுபடி வெளியே சுற்றிக்கொண்டிருந்தான். அவனைப் பிடித்த அத்தியாயத்தையே காணோம்.

மச்சான் என்பவர் வாரப் பத்திரிகைக்குத் துப்பறியும் தொடர் எழுதுகிறவர். இளவயதிலேயே பார்வை போனவர், தனிக்கட்டை. அவருடைய தங்கையைக் கட்டியவர் மாப்பிள்ளை. செத்துப்போன பழங்காலக் கம்ப்யூட்டர்களுக்கு உயிர் கொடுப்பதும், அவற்றில் செருகப் புதுப்புது சர்க்யூட் போர்டுகள் செய்வதும் அவர் தொழில். இருவரும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்பதால் நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

மச்சானிடம் இருந்ததும் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர்தான். பக்கத்திலேயே ஒரு பேசும் பெட்டி. தட்டியதையெல்லாம் தகரக் குரலில் சொல்லிக்காட்டும். புதுசு வாங்கித் தருகிறேன் என்று தங்கை எத்தனை தடவை கெஞ்சினாலும், என் விரலுக்குத் தெரிந்தது இதுதான் என்று பேச்சை முடித்துவிடுவார். ஆனால் எழுதியதைச் சேமிக்கிற ஃபிளாப்பி டிரைவ் தேய்ந்து தேய்ந்து ஒருநாள் நின்றேவிட்டது. மாற்று டிரைவுக்கு எங்கே போவது?

மாப்பிள்ளை அசரவில்லை. டிரைவ் இருந்த இடத்தில் தாமே செய்த ஒரு போர்டை வைத்தார். கம்ப்யூட்டர் அதை ஃபிளாப்பி என்றே நம்பும். எழுதியதெல்லாம் நகத்தளவு மெமரி கார்டில் போய் உட்காரும். சுற்றுவதற்கும் தேய்வதற்கும் அதில் ஒன்றுமே கிடையாது. நமக்கு அப்புறமும் இது ஓடும் மச்சான் என்று பெருமையடித்துக்கொண்டு வீடு திரும்பினார்.

அதற்குப் பிறகுதான் பக்கங்கள் காணாமல்போக ஆரம்பித்தன. எல்லாம் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. இன்றைக்கு எழுதியது இருக்கும், நாளைக்கு எழுதுவது இருக்காது. மாப்பிள்ளை போர்டைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்த அதே மாதிரி இயந்திரத்தில் செருகினார். பக்கம் பக்கமாக எதையாவது தட்டினார், சேமித்தார், போர்டின் சின்னச் சிவப்பு விளக்கு அணைந்ததும் இயந்திரத்தை அணைத்தார், மறுபடி திறந்தார். எல்லாம் சமர்த்தாக இருந்தன. ஈயம் வைத்துப் பற்றவைத்த இடங்களை லென்ஸில் பார்த்தார், கார்டை மாற்றினார், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. கொண்டுபோய் மாட்டினார். அந்த வாரமே கொலைகாரன் திரும்பவும் தப்பித்துவிட்டான்.

மாப்பிள்ளைக்கு மண்டை காய்ந்தது. கரண்ட் ஏறி இறங்குகிறதோ என்று அளந்தால் ஒழுங்காக இருந்தது. மேஜை ஆடுகிறதோ என்று உலுக்கினார், ஆடவில்லை. பூனை சுவிட்சை மிதிக்கிறதோ என்று ஒரு மத்தியானம் முழுக்க மச்சான் வீட்டுப் பூனையைக்கூட நோட்டம்விட்டார். அது கொட்டாவி விட்டுவிட்டுத் தூங்கப் போனது. போர்டில் பழுது இருந்தால் இரண்டு இடத்திலும் அல்லவா தெரிய வேண்டும்? பட்டறைக்கும் இந்த அறைக்கும் என்னதான் வித்தியாசம்? யோசித்து யோசித்துத் தலை கிறுகிறுத்தபோது ஒரே ஒரு வித்தியாசம்தான் மிஞ்சியது. இங்கே உட்காருகிறவர் மச்சான்.

அந்த நினைப்பை மனசோடு வைத்துக்கொண்டிருக்கலாம். முடியவில்லை. சாப்பிடும்போது மனைவியிடம் உளறிவிட்டார்.

"போர்டுல ஒரு கோளாறும் இல்ல. உங்கண்ணன் எழுதாமலே எழுதினதா நினைச்சுக்கிறாரோன்னு தோணுது."

அவள் தட்டில் கையை வைத்தபடியே அழுதாள். அவளுடைய அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. செய்யாததைச் செய்தேன் என்பார், சாப்பிட்டுவிட்டுச் சாப்பிடவில்லை என்பார். கடைசியில் பெற்ற மகளையே யாரம்மா நீ என்று கேட்டார்.

மச்சானுக்கும் அந்தப் பயம் உள்ளுக்குள் ஊறிப்போயிருந்தது. தங்கை போனில் தயங்கித் தயங்கிக் கேட்டபோது அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. தொடரை நிறுத்திவிட்டு, வீட்டையும் காலிசெய்துகொண்டு அவர்களோடு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். தானே சமைத்து, தானே கடைக்குப் போய், யார் கையையும் பிடிக்காமல் தெருவைத் தாண்டிய மனிதர் அவர். அவ்வளவு லேசில் ஒத்துக்கொண்டதுதான் மாப்பிள்ளையை அரித்தது. நாலு திட்டு திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

சாமான் கட்ட மாப்பிள்ளை போன அன்று மச்சான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். தொடரை நிறுத்தச் சொல்லிப் பத்திரிகைக்கு நாலு வரி எழுதிவிட்டு எழுந்துவிடுவதாகச் சொன்னார். மாப்பிள்ளை அவருக்குப் பின்னால் நின்று அலமாரியிலிருந்த கேசட்டுகளைத் துடைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கினார். இந்த விரல்களுக்குச் சொந்தக்காரருக்கா புத்தி தடுமாறுகிறது என்று கேட்கும்படி மச்சானின் விரல்கள் பிசகாமல் ஓடின. பேசும் பெட்டி கூடவே சொல்லிக்கொண்டு வந்தது. மச்சான் சேமித்தார். பெட்டி 'முடிந்தது' என்றது. அடுத்த கணமே அவர் கையை நீட்டிச் சுவிட்சை அணைத்தார்.

"என்ன அவசரம் மச்சான்," என்றார் மாப்பிள்ளை, துடைத்துக்கொண்டே. "விளக்கு இன்னும் எரிஞ்சிட்டிருந்துச்சே."

மச்சான் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"எந்த விளக்கு?"

மாப்பிள்ளையின் கை அப்படியே நின்றது. போர்டின் சூட்சுமம் அதைச் செய்தவருக்குத் தெரியாதா? கம்ப்யூட்டர் கொடுப்பதை வாங்கி வைத்துக்கொண்டு அது உடனே ஆச்சு என்று சொல்லிவிடும். நிஜமாகவே கார்டில் இறக்கி முடிக்க இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதுவரை அணைக்கக் கூடாது. அதற்காகத்தான் அந்தச் சிவப்பு விளக்கு. பட்டறையில் ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் அணைத்தார். பார்க்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் பார்த்திருக்கிறார். பழைய டிரைவ் கர்ர்ரென்று முனகும், மச்சான் அது ஓய்ந்த பிறகு அணைப்பார். இந்தப் போர்டு மூச்சுகூட விடாது. சேமித்துவிட்டு டீ போடப் போன நாளில் பக்கம் பிழைத்தது, கையோடு அணைத்த நாளில் செத்தது. கண் தெரியாத மனிதருக்கு விளக்கு வைத்துக் கொடுத்துவிட்டு, அவருடைய புத்தியைச் சந்தேகப்பட்டிருக்கிறார் இந்தக் கெட்டிக்காரர்.

அத்தனையையும் கொட்டினார். கம்ப்யூட்டரை மறுபடி போட்டு, இப்போது எழுதிய கடிதத்தைத் தேடச் சொன்னார். பேசும் பெட்டி அப்படி ஒன்றும் இல்லை என்றது. சத்தம் போடுகிற மாதிரி ஒன்றை இன்றைக்கே செய்து வைத்துவிடுகிறேன், கார்டில் இறங்கி முடியும்வரை அது டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும் என்று மூச்சு விடாமல் பேசினார்.

"அப்போ நான் எழுதினது நிஜம்தான்," என்றார் மச்சான்.

"நிஜம்தான் மச்சான்."

அவர் துள்ளிக் குதிப்பார் என்று மாப்பிள்ளை நினைத்தார். மச்சான் கேட்டது வேறு.

"நீங்களும் நம்பலையா மாப்ள?"

ஒரு பொய் சொல்லிவிடலாம். முகத்தைப் பார்க்காதவரிடம் குரலை மட்டும் காப்பாற்றிக்கொண்டால் போதும். ஆனால் அந்தக் குரலைத்தான் மச்சான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நம்பல. வீட்டுல முதல்ல சொன்னதே நான்தான்."

மச்சான் தலையை ஆட்டினார். கோபம் இருக்கிறதா, இல்லையா என்று தெரியவில்லை.

"எழுதினது ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் இருந்துச்சு மாப்ள. ஆனா நீங்க செஞ்ச பொருள் தப்பாகாது, அப்போ நான்தான் தப்புன்னு முடிவு பண்ணிட்டேன்."

மாப்பிள்ளை அட்டைப்பெட்டியிலிருந்த கேசட்டுகளை வெளியே எடுத்தார். எது எந்தத் தட்டில், எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று மச்சானைக் கேட்டுக் கேட்டு, அவர் சொன்ன இடத்திலேயே ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார்.