நூற்று நாற்பது டேப்புகள்

பழைய மென்பொருளின் மூன்று பிளாப்பிகளில் இரண்டாவது, நாலாவது தடவையும் படிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. கஸ்தூரி அதை வெளியே எடுத்து, தகரக் கதவைத் தள்ளி ஊதி, சேலைத் தலைப்பால் துடைத்து மறுபடி செருகினாள். கிர்ர் என்றது. இன்னொரு முறை கிர்ர் என்றது. பிறகு ஒரு கனைப்போடு நின்றுவிட்டது. திரும்ப முயலவா, விட்டுவிடவா என்று நீலத் திரை கேட்டது. விட்டுவிடு என்று சொல்கிற உரிமை அவளுக்கு இருந்திருந்தால், இருபத்தேழாம் தேதி காலை பதினோரு மணிக்கு ஜன்னல் இல்லாத இந்த அறையில் ஏன் உட்கார்ந்திருக்கப் போகிறாள்? திரும்ப முயல் என்று அழுத்தினாள். ஏழாவது முறை என்ன தோன்றியதோ, பிளாப்பி சமர்த்தாகப் படிக்க ஆரம்பித்தது. மூன்றாவதைக் கேட்டது, கொடுத்தாள். கடைசியில் பதினாறு இலக்க சீரியல் நம்பர் கேட்டது. அது அச்சிட்டிருந்த அட்டைப்பெட்டி எப்போதோ கரையானுக்குப் போய்விட்டது. அவள் விரல்கள் யோசிக்காமல் அடித்தன. ஒரு வருஷம் சொந்தக் கல்யாண நாளை மறந்தவள் அவள். இந்த எண்ணை மட்டும் மறக்கவில்லை. அதை நினைத்தபோது அவளுக்குப் பெருமையாக இல்லை, எரிச்சலாக இருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டின் உள்தெரு ஒன்றில், தண்ணீர் பம்புகளுக்கு ரப்பர் சீல் வார்க்கிற கம்பெனி அது. இருபத்தோரு வயதில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தாள், இப்போது நாற்பத்தேழு. அந்தக் காலத்தில் சனிக்கிழமை தவறாமல் கம்ப்யூட்டரில் இருக்கிற வரைபடம், கடிதம், கணக்கு எல்லாவற்றையும் டேப்பில் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். சோப்புக்கட்டி அளவில் ஒரு கேசட், மாதத்துக்கு ஒன்று. அதற்கென்று ஒரு மென்பொருள், அதற்கென்று ஒரு அறை, அந்த அறைக்கு ஒரு ஏசி. ஏசி டேப்புக்குத்தான்; அவள் அதற்குத் துணையாக உட்கார்ந்தாள். இரண்டாயிரத்துப் பதினொன்றோடு டேப் போய் வேறு சாதனங்கள் வந்துவிட்டன. ஏசியும் அதோடு நின்றது. பழைய டேப்புகளில் இருப்பதைப் புதியதற்கு மாற்றிவிடலாம் சார் என்று அவள் வருஷத்துக்கு ஒருமுறை சொல்வாள். பண்ணிக்கலாம்மா என்று முதலாளி பாஸ்கரன் சாரும் வருஷத்துக்கு ஒருமுறை சொல்வார். நூற்று நாற்பது டேப்பும் அவள் கையெழுத்து லேபிளோடு இரும்பு பீரோவில் கிடந்தன. பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் யாருக்கும் சொல்லாமல் செத்துப்போனது.

பாஸ்கரன் சார் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் பத்து வருஷம் முன்பே அவள் கிளம்பியிருப்பாள். அவள் அப்பா இறந்தபோது வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசிவரை நின்றவர். தீபாவளிக்கு முதல் ஸ்வீட் பெட்டி அவளுக்குத்தான். நீதாம்மா இந்தக் கம்பெனி என்று விருந்தாளிகள் முன்னால் சொல்லுவார். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் யாரோ தோளில் கை வைத்து அமுக்கி உட்கார வைப்பது போலிருக்கும். பூந்தமல்லிப் பக்கம் ஒரு மருந்து குடோனில் ஸ்டோர்ஸ் பொறுப்புக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்து போன மாதம் போய்ப் பார்த்தாள். வாழ்க்கையில் அவளுடைய இரண்டாவது இன்டர்வியூ. எதிரே உட்கார்ந்திருந்த பெண், உங்களுக்கு என்னவெல்லாம் தெரியும் என்று கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்து, இருபது நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றாம் தேதி சேர்ந்துடுங்க மேடம், ரிலீவிங் லெட்டர் மட்டும் கையோட வேணும் என்றாள். வீடு இருக்கிற சேக்காட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் கஸ்தூரி தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் இருந்த கிழவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

ராஜினாமாவைக் கொடுத்த வாரமே அந்த மெயில் வந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய சீல் ஒன்று மறுபடி வேண்டுமாம். அச்சு துருப்பிடித்துக் கிடக்கிறது. வரைபடம் டேப்பில் இருக்கிறது. பாஸ்கரன் சார் அவளைக் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டி, காபி வரவழைத்துச் சொன்னார்.

"இத மட்டும் எடுத்துக் குடுத்துடும்மா. லெட்டரை நானே என் கையால டைப் அடிச்சுத் தர்றேன். அது வரைக்கும் மனசு கேக்கல எனக்கு."

மனசு கேக்கல என்பதற்கு அவள் என்ன பதில் சொல்லுவாள்? பேக்கிங் செக்‌ஷனில் லேபிள் அடித்துக்கொண்டிருந்த கிழட்டுக் கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து, மூடியைக் கழற்றி, பிளாப்பி ஒயரின் நடு இணைப்பில், டேப்பை ஓட்டுகிற பழைய டிரைவைப் பொருத்தினாள். அந்த மூன்று பிளாப்பியிலிருந்து மென்பொருளும் ஏறிவிட்டது. 2003 ஜூன் என்று எழுதிய டேப்பைச் செருகினாள். உள்ளே ஏதோ முனகியது, அவ்வளவுதான். டேப் நகரவில்லை. டிரைவைப் பிரித்துப் பார்த்தால், டேப்பை உருட்டுகிற சின்ன ரப்பர் வளையம் உருகிப் புளிக் கரைசலாய் வழிந்திருந்தது.

அவள் அதைப் பேப்பரில் பொதிந்துகொண்டு, சீல் வார்க்கிற பிரஸ் ஷாப்புக்குப் போனாள். வேம்புலி மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் இருந்தார். அயனம்பாக்கத்துக்காரர், முப்பது வருஷமாய் இதே சூட்டுக்கு முன்னால் நிற்கிறவர். இடது முன்கையில் முடி என்பதே கிடையாது. பேப்பரைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா கஸ்தூரிம்மா, பாகு மாதிரி ஆயிக்கீது."

"வேற ஒண்ணு போட முடியுமாண்ணே? இது ஓடினாத்தான் சார் லெட்டர் குடுப்பாரு."

"போட்டுர்லாம். நம்மளே ரப்பர் கம்பெனி, நம்ம கைல இல்லாத ரப்பரா." அலுமினிய நடுவளையத்தை வெர்னியரில் வைத்து அளந்தார், கட்டை விரல் நகத்தால் தடவினார். பிறகு அவளைப் பார்க்காமலே கேட்டார். "இது மாதிரி டேப்பு எத்தினி கீது உள்ள?"

"நூத்தி நாப்பது."

"இது ஓடிச்சுன்னா மத்தத யாரு ஓட்டுவா?"

இத்தனை நாள் அந்த ஒரு வரைபடம், அந்த ஒரு லெட்டர் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு டேப்புக்கு ஒரு முழு நாள் ஆகும். நடுவே வளையம் வழுக்கும், பிளாப்பி மக்கர் பண்ணும், இந்த வேலை வேறு யாருக்கும் தெரியாது. எல்லாம் முடிய எட்டு மாசம், வருஷம் ஆகலாம். மருந்து குடோன் எட்டு மாசம் காத்திருக்குமா?

"சாரு உட்டுருவார்னு நெனச்சிகினு கீறியா?" என்றார் வேம்புலி. "என்னாண்ட, உன் பொண்ணு கல்யாணம் முடியட்டும், அப்பால போலாம்னார். இப்ப பேத்தி ஸ்கூலுக்குப் போவுது."

அரை மணி நேரத்தில் அவரே டேப் ரூமுக்கு வந்தார். ரப்பர் குழாயில் நறுக்கி, கல்லில் தேய்த்த இரண்டு வளையங்களை மேஜையில் வைத்தார். ஒன்றில் சாக்பீஸால் ஒரு புள்ளி.

"புள்ளி இல்லாதது கரீட்டு சைஸு. புள்ளி வச்சது முக்கா மில்லி கம்மி. கண்ணால பாத்தா ஒண்ணும் தெரியாது. சக்கரம் சுத்தும், ஆனா டேப்பைத் தொடாது. யாரு வந்து பாத்தாலும் டேப்பு கெட்டுப்போச்சுன்னுதான் சொல்லுவான்." வாசலுக்குப் போனவர் நின்றார். "நான் ஒண்ணியும் குடுக்கல, நீ ஒண்ணியும் வாங்கல. புரிதா?"

மணி இரண்டு. பாஸ்கரன் சார் சாப்பிடப் போயிருந்தார், மூன்றுக்கு வருவார். கஸ்தூரி ரொம்ப யோசிக்கவில்லை. புள்ளி வைத்த வளையத்தை மாட்டினாள். டேப்பைச் செருகினாள். மோட்டார் சுற்றுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் திரை, இந்த டேப்பைப் படிக்க முடியவில்லை என்று எழுதிக் காட்டியது. அவ்வளவுதான். வேலை முடிந்தது. சார் வந்து பார்ப்பார், உச்சுக்கொட்டுவார், இரண்டு நாள் முகம் தூக்குவார், லெட்டரைக் கொடுப்பார். பயன்படாத டேப்புக்கு யாரும் காவல் வைக்கமாட்டார்கள். அவள் நாற்காலியில் சாய்ந்து கால்களை நீட்டினாள். பல வருஷமாக இப்படி உட்கார்ந்ததில்லை என்று தோன்றியது. ஒன்றாம் தேதி எந்தச் சேலை கட்டுவது என்றுகூட யோசித்தாள்.

பத்து நிமிஷம்தான் அந்தச் சுகம். திரையில் இருந்த அந்த வரி அவளை உறுத்த ஆரம்பித்தது. அது பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நிஜமாகவே பொய்தானா?

யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பிரதி எடுத்து முடித்ததும் அந்த மென்பொருள், சரியாகப் பதிந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கவா எனக் கேட்கும். அதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும். முதல் இரண்டு வருஷம் ஒழுங்காகப் பார்த்தாள். பிறகு மகன் விக்ரம் பிறந்தான். சேக்காட்டில் இருந்த குழந்தைகள் காப்பகத்தை ஆறரைக்கு மூடிவிடுவார்கள். வீட்டுக்காரருக்கு ஷிப்ட். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ஐந்து ஐம்பது ரயிலைப் பிடித்தால்தான் உண்டு. ஒரு சனிக்கிழமை, வேண்டாம் என்று அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வேண்டாம். பிறகு பத்து வருஷம் வேண்டாம்தான். லெட்ஜரில் மட்டும், ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது என்று எழுதி வாராவாரம் கையெழுத்துப் போட்டாள். நீதாம்மா இந்தக் கம்பெனி என்று சார் சொல்லும்போதெல்லாம் அந்தக் கையெழுத்துதான் முதலில் நினைவுக்கு வரும். அந்தப் பத்து வருஷ டேப்புகளில் ஒன்றுமே இல்லாமல் இருந்தால்? தன் வயசில் பாதியைக் காலிக் கேசட்டுக்கு லேபிள் ஒட்டிக் கழித்திருந்தால்?

தெரியாமல் போக முடியாது என்று அவளுக்குப் புரிந்தபோது அழுகை வந்தது. கதவு திறந்திருக்கிறது, போடி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். புள்ளி வைத்த வளையத்தைக் கழற்றிப் புள்ளி இல்லாததை மாட்டினாள்.

டேப் ஓடியது. முதலில் ஒரு கோடிக்குப் போனது, நின்றது, திரும்பி மறு கோடிக்கு வந்தது. இந்த டேப்பின் சுபாவமே அப்படித்தான். ஒரு தடம் முடிந்தால் திரும்பி வந்து அடுத்த தடம். பழைய ஊமைச் சத்தம், காலடியில் மெல்லிய அதிர்வு. பிறகு நீலத் திரையில் மஞ்சள் எழுத்தில் பெயர்கள் இறங்க ஆரம்பித்தன. வரைபடங்கள், விலைப்பட்டியல்கள், கடிதங்கள். ஒன்று விடாமல் எல்லாம் இருந்தன. கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டாள். ஏமாற்றவில்லை, நான் யாரையும் ஏமாற்றவில்லை என்று உள்ளே யாரோ சத்தம் போட்டார்கள். சீல் வரைபடத்தின் எண் வந்ததும் அதில் ஒரு டிக் போட்டாள்.

பட்டியல் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பெயரில் இருந்த ஃபோல்டர் வந்தது. லீவ் கடிதங்கள் இரண்டு, அப்பாவின் பென்ஷன் மனு ஒன்று. அதற்குக் கீழே ரிசைன் என்று ஒன்று, ஜூன் 14, 2003 தேதியோடு.

அது என்ன என்று விளங்க ஒரு நிமிஷம் ஆனது. அந்த வாரம் காப்பகத்துப் படியில் விழுந்து விக்ரமுக்கு நெற்றியில் மூன்று தையல். சனிக்கிழமை மத்தியானம் இந்த அறையில் உட்கார்ந்துதான் அந்த ராஜினாமாக் கடிதத்தை அடித்தாள். அச்செடுக்கவில்லை. நாலு மணிக்கு வழக்கம்போலப் பிரதி எடுத்தாள், கிளம்பும்போது அந்தக் கடிதத்தை அழித்தாள். திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்கு வந்தாள். அழித்ததோடு போயிற்று என்று நினைத்திருந்தாள். இருபத்திரண்டு வருஷம் பீரோவுக்குள் பத்திரமாய், ஒரு எழுத்துகூடக் கெடாமல் அவளுக்காக உட்கார்ந்திருக்கிறது.

"ஓடுதாம்மா?"

பாஸ்கரன் சார் கதவில் நின்றார். திரையைப் பார்த்ததும் அவர் முகம் அப்படி மலர்ந்தது. "அய்யோ கஸ்தூரி! எனக்குத் தெரியும்மா. நீ தொட்டா நடக்கும்னு எனக்குத் தெரியும்." உள்ளே வந்து அவள் நாற்காலியின் முதுகில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். "ஏசி நாளைக்கே சரி பண்ணச் சொல்லிர்றேன். மத்ததையும் நீ பொறுமையா, அவசரமே இல்ல, ஒவ்வொண்ணா எடுத்து…"

"சார், லெட்டர்."

"எங்க போயிடப் போவுது லெட்டர்? பாத்துக்கலாம்மா."

மேஜையில் புள்ளி வைத்த வளையம் கிடந்தது. அவர் அதை எடுத்து விரலில் போட்டுப் பார்த்து, திரும்ப வைத்தார். கஸ்தூரி கீழ்நோக்கும் அம்பை ஒவ்வொரு வரியாக அழுத்தி இறங்கினாள். தன் பெயருக்குக் கீழே, ரிசைன் என்ற வரியில் போய் நின்று, ஸ்பேஸ் பாரைத் தட்டினாள். இன்னொரு டிக் விழுந்தது. மீட்டெடு என்று அழுத்தினாள்.

மொத்தம் இரண்டு என்றது திரை. முதலாவது எழுதி முடிந்தது.

"ட்ராயிங் ஒண்ணுதானேம்மா கேட்டோம்?" பாஸ்கரன் சார் குனிந்தார். "ரெண்டாவது என்ன?"

டிரைவுக்குள் டேப் கோடிவரை ஓடி முட்டியது. ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு அது திரும்பி வர ஆரம்பித்தது.