ரத்தாகாத விமானம்

என் அத்தையின் முகத்தை எட்டு வருஷம் கழித்துப் பார்ப்பதற்கு விலை எழுபத்தாறாயிரம். இரண்டு பேருக்கு, போக வர, வரி உட்பட. ஒருவர் என் சித்தப்பா, அத்தையின் தம்பி. இன்னொருவன் நான், பெட்டி தூக்க.

சித்தப்பா பொத்தான் மொத்த வியாபாரி. கடை முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கும் பொத்தானில் ஒன்று ஒட்டியிருக்கும். அங்கே இரண்டே சட்டங்கள். ஒன்று, பேரத்தில் முதலில் வாய் திறப்பவன் தோற்றான். தேங்கிப்போன ஊதாப் பொத்தான் மூட்டைக்கு விலை கேட்டு வந்த சட்டைக் கம்பெனிக்காரர் ஒருவர், சித்தப்பா பேசாமல் காது குடைந்துகொண்டிருந்ததைப் பார்த்துப் பயந்து, தன் விலையைத் தானே மூன்று முறை ஏற்றிக்கொண்டார். இரண்டாவது, யார் கணக்கையும் சுத்தமாகத் தீர்க்கக் கூடாது. நாம் தருவதோ அவன் தருவதோ, கொஞ்சம் பாக்கி நிற்க வேண்டும். பாக்கி இருந்தால்தான் மறுபடி படியேறுவான்.

தாத்தாவின் பழைய கடையை விற்றபோது அத்தையின் பங்கைச் சித்தப்பா கடைசிக் காசுவரை எண்ணிக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். ஒரு காசு குறையவில்லை. அதுதான் சண்டை.

"பொத்தான் வாங்க வர்றவனுக்குக்கூட பாக்கி வைக்கிற. எனக்கு மட்டும் முழுசாத் தீர்த்துட்டியா?" என்று கேட்டுவிட்டுக் கடல் தாண்டிப் போன அத்தை, அப்புறம் பேசவில்லை. சித்தப்பாவுக்கும் ரோஷம். மாமா இறந்தபோதுகூட என் அப்பாதான் போய் வந்தார். யார் முதலில் வாய் திறப்பது என்பதில் அக்காவும் தம்பியும் ஒரே அப்பனின் பிள்ளைகள்.

போன மாதம் அத்தை சித்தியை ஃபோனில் கூப்பிட்டாள். வீட்டை விற்றுவிட்டு, இன்னும் தூரத்திலிருக்கும் மகளோடு போய் இருக்கப்போகிறாளாம். முழங்கால் போய்விட்டது, இனி இந்தப் பக்கம் வருவது நடக்காத காரியம். அதற்குள் தம்பியை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். வியாபாரம் நன்றாக நடந்த ஒரு சாயங்காலம் பார்த்துச் சித்தி விஷயத்தைப் போட, சித்தப்பா தலையாட்டிவிட்டார். மறுநாள் காலையில் ஆட்டிய தலையை நொந்துகொண்டார். அதற்குள் டிக்கெட் வந்துவிட்டது.

அப்போதுதான் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அத்தை இருக்கும் நாட்டில் போராட்டம், கல்வீச்சு. அவசியமில்லாத பயணத்தைத் தவிர்க்கும்படி நம் அரசாங்கம் அறிவுரை வெளியிட்டது. சித்தப்பா அந்தச் செய்தியைச் சித்தியின் காதில் விழும்படி இரண்டு தரம் வாசித்தார். அரசாங்கமே சொன்ன பிறகு நாம் என்ன செய்ய முடியும் என்று பெரிதாகத் துக்கப்பட்டார். துக்கம் முடிந்ததும் பணத்தைத் திரும்ப வாங்கக் கிளம்பினோம்.

டிக்கெட் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அண்ணே, போகாதீங்கன்னு சொன்னது அரசாங்கம். விமானம் பறந்துட்டுதானே இருக்கு? அவங்களா ரத்து பண்ணா முழுப் பணமும் வரும். நீங்களா ரத்து பண்ணா ஏர்போர்ட் வரி மட்டும்தான்."

இன்ஷூரன்ஸும் கைவிரித்திருந்தது. அறிவுரைக்குக் காசு கிடையாதாம், தடை உத்தரவு போட்டால்தான் உண்டாம். ஆறாயிரம் கூடக் கொடுத்திருந்தால் பணம் திரும்பும் டிக்கெட்டே கிடைத்திருக்கும், உங்கள் வீட்டம்மாதான் வேண்டாமென்று விட்டார் என்றும் கடைக்காரர் போகிறபோக்கில் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கேட்டதற்குச் சித்தி, சிக்கனம் பார்த்தேன் என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்க உட்கார்ந்தாள். புருஷன் உறவை விட்டாலும் விடுவார், போட்ட முதலை விட மாட்டார் என்பது அவளுக்குத் தெரியாதா?

"கலவரம் நடக்குற ஊருக்கு எத்தனை நாளைக்குக் காலி விமானத்த ஓட்டுவான்? அவனே வாயத் திறக்கட்டும்," என்றார் சித்தப்பா.

அன்றிலிருந்து தினமும் காலையில் டிக்கெட் கடைக்கு ஃபோன். ரத்தா என்பார் இவர். இல்லை என்பார் அவர். செய்தியில் கல்வீச்சு ஓய்ந்திருந்தால் சித்தப்பாவின் முகம் தொங்கிவிடும். ஒரு பஸ் எரிந்தால் இரண்டு கவளம் கூட இறங்கும்.

"உங்க அக்கா இருக்கிற ஊருங்க அது," என்றாள் சித்தி.

"அவ வீட்டுக்குள்ளதானே இருப்பா. ஏர்போர்ட் பக்கமா எரிஞ்சாப் போதும்."

எரியவில்லை. ஏற வராதவனுக்கும் பணம் கிடையாது என்பதால், ஏர்போர்ட்வரை போக வேண்டியதாயிற்று. ஏறப்போவதில்லை என்பதால் பெட்டியில் ஒன்றும் எடுக்கவில்லை. வெறும் பெட்டி என்று தெரிந்தால் எதிராளி மனசைப் படித்துவிடுவான் என்று உள்ளே ஒரு துண்டையும் சீப்பையும் போட்டுப் பூட்டினார்.

விமானம் தாமதம் என்று பலகையில் விழுந்தது. சித்தப்பா என் தொடையில் தட்டினார். "பாரு, இறங்கி வர்றான்."

பிறகு கதவைத் திறந்துவிட்டார்கள். இருந்த கொஞ்சம் பேரும் ஏறிய பின் நாங்கள் மட்டும் நாற்காலியில் மிஞ்சினோம். சீருடைப் பெண் அருகில் வந்தாள்.

"சார், வர்றீங்களா இல்லையா?"

"நீங்க போறீங்களா இல்லையா?"

"போறோம் சார்."

எழுந்தார். பெல்ட்டைப் போட்ட பின்னும், யாராவது ஓடி வந்து நிறுத்துகிறார்களா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தபடியே வந்தார்.

அத்தை கதவைத் திறந்தாள், பார்த்தாள், வழிவிட்டாள். அவ்வளவுதான். பாதி சாமான் அட்டைப் பெட்டிக்குள் போயிருந்த வீட்டில், சாப்பாட்டு மேஜையின் இந்த முனையில் தம்பி, அந்த முனையில் அக்கா. பேச்செல்லாம் என் வழியாக. உங்க சித்தப்பாவுக்கு டீ வேணுமா கேளு என்பாள். வேண்டாம் என்று சொல், கொடுத்தால் குடிப்பேன் என்றும் சொல் என்பார் அவர். குளிக்கத் துண்டு எடுத்துக் கொடுக்கலாமென்று என்னிடம் சாவி வாங்கிப் பெட்டியைத் திறந்த அத்தை, அந்தச் சீப்பை எடுத்து என்னிடம் காட்டினாள்.

"தங்குறதுக்கு வந்த ஆளு மாதிரி தெரியலையே."

மூன்றாம் நாள் காலை சித்தப்பாவின் ஃபோன் கிணுகிணுத்தது. படித்தவர் நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டார்.

"அக்கா, திரும்புற விமானத்த ரத்து பண்ணிட்டான்! பாதிப் பணம் முழுசா வருது!"

அத்தை டம்ளரைக் கீழே வைத்தாள். "எட்டு வருஷம் கழிச்சு எங்கிட்ட வாயத் திறந்திருக்க. அதுவும் ரீஃபண்டுக்கு."

அப்போதுதான் அவருக்கே உறைத்தது. "சரி, பேசிட்டேன். இப்ப என்னங்கிற?"

"தோத்துட்ட. உக்காரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைக்கும்வரை.

மறுபடி விமானம் ஓட மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை சித்தப்பா மாமாவின் தொளதொளச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு, அவற்றின் பொத்தான்களைப் பழித்துக்கொண்டு, அத்தையின் பீரோ, கட்டில், தையல் மெஷின் எல்லாவற்றையும் பழைய சாமான்காரர்களிடம் காது குடைந்தே நல்ல விலைக்குத் தள்ளினார்.

கிளம்பும் நாளன்று விற்ற பணத்தை எண்ணி மேஜைமேல் வைத்தார். அத்தை இரண்டு தரம் எண்ணினாள்.

"ஐந்நூறு குறையுது."

சித்தப்பா குனிந்து ஷூவின் கயிற்றைக் கட்டினார். "கையில சில்லறை இல்ல. அப்புறம் தரேன்." சட்டைப் பையிலிருந்து நோட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அத்தை அதைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "நான்தான் மக வீட்டுக்குப் போறேனே. எங்க வந்து தருவ?"

"அங்கயும் விமானம் போகுதுல்ல."

"மறந்துடாத," என்று சொல்லிப் பணத்தை உள்ளே கொண்டுபோனாள். கையெழுத்து யாரும் கேட்கவில்லை.

விமானத்தில் அவர் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதினார். வந்த ரீஃபண்டு முப்பத்தெட்டாயிரம். புது டிக்கெட் அறுபத்தோராயிரம். நட்டம் இருபத்துமூவாயிரம். அதன் கீழே ஒரு கோடு கிழித்து, அக்காவுக்குத் தர வேண்டியது: ஐந்நூறு.