ஆறு மணி மாத்திரை

கை நடுக்கமாம்! என்னைப் பார்க்கிற ஒவ்வொருவரும் அதைத்தான் சொல்கிறார்கள். "வெறும் கை நடுக்கம்தானே துரைராசு, வயசானா யாருக்குத்தான் இல்ல?" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு ஐம்பத்தாறு வயது. பார்க்கின்சன் நோய் வந்து நாலு வருஷம் ஆகிறது. கை ஆடுவது அதில் கால்வாசிகூட இல்லை. மாத்திரை வேலை செய்யாத நேரத்தில் உடம்பு மரக்கட்டைதான். சட்டைப் பித்தானைப் போட முடியாது, நடக்க நினைத்தால் கால் போகாது. இதை எத்தனை பேரிடம்தான் சொல்லித் தொலைப்பது? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

மகள் வானதிக்குத் தை மாதம் கல்யாணம். சம்பா அறுப்பு முடிந்த கையோடு மன்னார்குடியில் மண்டபம் பிடித்திருந்தோம். "அப்பா, நீங்கதான் என் கையப் புடிச்சுக் குடுத்துத் தாரை வார்க்கணும்" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் அதைவிட்டால் வேறு ஆசை கிடையாது. முகூர்த்தம் ஏழிலிருந்து ஏழரை. ஆறு மணிக்கு மாத்திரையைப் போட்டால் ஏழு மணிக்குள் உடம்பு என் பேச்சைக் கேட்கும்.

கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்கு மனைவி விஜயலட்சுமி தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். என் அண்ணன் மதிவாணன் குறுக்கே வந்து நின்றார்.

"என்னம்மா இது? பொண்ணத் தாரை வார்த்துக் குடுக்குற வரைக்கும் அப்பனும் ஆத்தாளும் பச்சத் தண்ணிகூடப் பல்லுல படவிடக் கூடாதுன்னு தெரியாதா?"

"இல்ல மாமா, அவங்களுக்கு நேரத்துக்கு மாத்திரை..."

"ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டா உசுரா போயிரும்? கை நடுக்கத்துக்குப் போயி இவ்வளவு அலப்பறை! டேய் துரைராசு, மனசத் தெம்பா வச்சுக்கடா, எல்லாம் சரியாப் போயிடும்."

சுற்றி நின்ற சொந்தத்தில் யாரோ, "விரதம் கெட்டா பொண்ணுக்கு ஆகாதுப்பா" என்றார்கள். அந்தச் சொல்லில்தான் விழுந்தேன். மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏழு மணிக்கு மேடைக்குக் கூப்பிட்டார்கள். முதல் படியிலேயே கால் ஒட்டிக்கொண்டது. ஐயர் கூப்பிடுகிறார், நானும் நடக்கத்தான் பார்க்கிறேன், கால் அசையவில்லை. வாயோரம் எச்சில் வழிந்தது. பின்னால் மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர், "சம்பந்தி காலையிலயே ஏத்திட்டாரா?" என்று சிரித்தார். திரும்பி ஓர் அறை விட நினைத்தேன். திரும்பவும் முடியவில்லை.

மணையில் இருந்த வானதி, "அப்பாவுக்கு மாத்திரை குடுத்தீங்களா இல்லையா?" என்று கத்தினாள். விஜயலட்சுமி அழுதுகொண்டே மாத்திரையை என் வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். அது வேலை செய்ய முக்கால் மணி நேரம் வேண்டும். முகூர்த்தம் முடிய இருந்ததோ இருபது நிமிஷம். "நேரம் தவறக் கூடாது" என்று அண்ணனும் அண்ணியும் மேடையேறினார்கள். என் மகளின் கையை அண்ணன் பிடித்துக் கொடுக்க, அண்ணி தண்ணீர் வார்த்தார். என்னைக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் நெல்மூட்டை மாதிரி இறக்கி வைத்திருந்தார்கள். வானதி கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவி, என்னால் கண்ணைக்கூடத் துடைக்க முடியவில்லை.

எட்டு மணிக்கு உடம்பு திரும்பி வந்தது. யார் துணையும் இல்லாமல் பந்திக்கு நடந்து போனேன். இலையில் உட்கார்ந்திருந்த அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியா? ஜம்முன்னு நடந்து வர்ற! நான்தான் சொன்னேன்ல, உனக்கு ஒண்ணும் இல்லடா. சபையப் பாத்ததும் பயந்துட்ட, அவ்வளவுதான்."

நான் போட்ட சத்தத்தில் சாம்பார் வாளியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஒண்ணும் இல்லையா? சரிண்ணே, எனக்கு ஒண்ணும் இல்ல. அப்பன்காரன் உசுரோட, நல்லா, கல்லு மாதிரி இருக்கேன். அப்புறம் எதுக்கு என் பொண்ண நீ தாரை வார்த்த?"