நிலக்ஷியின் கேன்

1

நிலக்ஷி சொல்லி இன்றோடு நாற்பத்து மூன்று நாட்கள்.

கதையின் முதல் வரி இதுதான். கதை பிறந்ததும் இதிலிருந்துதான். ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போகும்போதெல்லாம் என் குறிப்பேட்டின் மேல் மூலையில் நாள் எண்ணிக்கையை எழுதுவேன். நான் விலங்கியல் படித்தவள். பேச வராது, எண்ண வரும். பிரதேச செயலகத்தில் சிறுவர் பிரிவில் வேலை.

நிலக்ஷி என்று எனக்கு ஒரு பிள்ளையையும் தெரியாது. உண்மைப் பிள்ளைகளை எழுத எனக்கு உரிமையில்லை. அதனால் பதினொரு வயதில் ஒருத்தியை உண்டாக்கி, லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், சுவரொட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், குடிவைத்தேன்.

2

அடுத்த வரியை முதலில் வேறு மாதிரித் தொடங்கினேன்: பனி மூடிய மலைச்சரிவில் ஒரு சிறுமி அழுதுகொண்டே –

அடித்துவிட்டேன். நிலக்ஷி அழவில்லை. தனக்கு நடந்ததை வகுப்பு ஆசிரியையிடம் சொன்னாள். பிறகு பொலிஸில், ஆஸ்பத்திரியில். அவர்கள் சிங்களத்தில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவள் அதையே சொன்னாள்.

[செய்தவன் விளக்கமறியல் சிறையில் இருக்கிறான். இந்தக் கதையில் அவனுக்கு இந்த அடைப்புக்குறி போதும்.]

அன்றிலிருந்து அவள் சித்தியோடு இருக்கிறாள். அதே லயம்தான், அம்மா நாகலெட்சுமியின் ஒற்றை அறைக் காம்பராவிலிருந்து மூன்று கதவு தள்ளி. இப்போது நன்றாகத் தூங்குகிறாள். பள்ளிக்கூடம் போகிறாள். கணக்கில் என்னைவிட வேகம். இந்தக் கடைசி மூன்று வரிகளை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

அம்மாவோடு மட்டும் பேசுவதில்லை. செவ்வாய்க்கிழமை நான் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும்: பிள்ளை இனி யாரோடு இருப்பாள்? அம்மாவிடம் போகிறாயா என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறாள்.

3

நாகலெட்சுமி என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. தினமும் கொழுந்து பறித்துவிட்டு வந்து, ரொட்டி சுட்டு, சித்தி வாசலில் வைத்துவிட்டுப் போகிறார். உள்ளே கால் வைப்பதில்லை. ஏன்? எழுதுகிறவளுக்காவது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

4

இனி என் பிழை.

அந்த லயத்துக்குத் தண்ணீர்ப் பீலி ஒன்றுதான். விடிந்ததும் ஆட்களுக்குப் பதிலாகக் கேன்கள் வரிசையில் நிற்கும். யார் கேன் யாருக்கு முன்னால் என்று தினமும் சண்டை. முதல் வாரம் நான் எல்லோரையும் கூட்டி, “பிள்ளைக்கு ஒரு கஷ்டமும் குடுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சொன்னபடி செய்திருக்கிறார்கள். நிலக்ஷியின் நீலக் கேனை யாராவது தூக்கி முதலில் வைத்துவிடுகிறார்கள். அவள் அதை எடுத்துக் கடைசியில் வைக்கிறாள். திரும்பிப் பார்த்தால் மறுபடியும் முதலில் நிற்கிறது. இன்று காலைதான் இதைக் கண்டேன்.

“எனக்கு என்னா நோயா மிஸ்?” என்றாள் நிலக்ஷி. “பேச்சியம்மா அத்த கூட ஏச மாட்டேங்குறாங்க.”

பேச்சியம்மா பக்கத்துக் காம்பரா. அவர் ஏசாத ஆள் அந்தத் தோட்டத்தில் இல்லை.

“நான் அவங்ககிட்ட சொல்லட்டா?”

“சொல்லுங்க.” எட்டி என் குறிப்பேட்டைப் பார்த்தாள். “நாப்பத்து மூணு தப்பு மிஸ்.”

“இல்லம்மா. பைல்ல பாத்துத்தான் எழுதுனேன்.”

“தப்புதான்.”

கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனாள்.

[நான் உண்டாக்கிய பிள்ளை என் முதல் வரியைத் திருத்துகிறாள். விரல் விட்டு மறுபடி எண்ணினேன். நாற்பத்து மூன்றுதான்.]

5

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

(அ) நிலக்ஷி அம்மாவின் காம்பராவுக்குத் திரும்புகிறாள். அம்மா அவளை அணைத்து –

இல்லை.

(ஆ) சித்தியோடேயே இருந்து படித்து, பிறகு என்னைப் போல ஒரு வேலைக்கு –

இது அவள் ஆசை இல்லை, என் ஆசை.

இரண்டையும் அடித்துவிட்டு, வரிசை கலைவதற்குள் பீலிக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை இருக்கட்டும், என் பிழையையாவது திருத்தலாம்.

6

கூட்டத்தில் பேசினால் எனக்குக் குரல் உள்ளே போய்விடும். ஒரே மூச்சில் சொன்னேன்.

“நாப்பத்து மூணு நாளாச்சு. இனிமே பழையபடி இருங்க. வரிசைன்னா எல்லாருக்கும் வரிசைதான்.”

பேச்சியம்மா இடுப்பில் கைவைத்தார். “அப்ப ஏசலாமா மிஸ்?”

“ஏசலாங்க.”

“அப்பாடா! நீங்க சொன்னீங்கன்னு ஒண்ணர மாசமா வாயக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன். ஏய் நிலக்ஷி! எடுடி கேன. பீலிய ஒன் பேர்லயா எழுதி வச்சிருக்கு?”

“நானா வச்சேன்? நீங்கதானே தூக்கி வச்சீங்க!”

“வாயப் பாரு! பின்னால போடி.”

நிலக்ஷி சிரித்தாள். வரிசை முழுக்கச் சிரித்தது. நாகலெட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. கையில் கேனோடு நின்ற மகள் அம்மாவைப் பார்த்தாள். நான் “நாப்பத்து மூணு” என்றபோதே பார்க்கத் தொடங்கியிருந்தாள். நாகலெட்சுமி தன் கேனைக் கீழே வைத்தார்.

பிறகு நிலக்ஷி நீலக் கேனை யார் கேனுக்குப் பக்கத்தில் வைத்தாள், சாயங்காலம் எந்தக் கதவைத் தட்டினாள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரியை நான் திருத்தப் போவதில்லை. பிழை தெரியட்டும். எல்லோர் காதிலும் விழும்படி நாகலெட்சுமி சொன்னதோடு நிறுத்துகிறேன்:

“நாப்பத்து மூணு இல்லீங்க மிஸ், அம்பத்தேழு. நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். அந்தப் பௌர்ணமி போயா லீவு அன்னைக்கு மொதல்ல எங்கிட்டத்தான் சொன்னா. வாய மூடுன்னு சொன்னது நாந்தான்.”